நான்காம் எடுத்துக்காட்டில் மேய்ந்த ஆடு

சங்கரேஸ்வரி எழுதிய புத்தகத்தின் மீது வந்த முதல் புகார், அது இலவசம் என்பதுதான்.

"சும்மா கொடுத்தா எவன் மேடம் படிப்பான்?" என்று கல்லூரி முதல்வர் கேட்டார். அவர் கேட்டதைத் தப்பென்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது நோட்டீஸ் நீட்டினால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஊர் சங்கரன்கோவில். காசு வாங்காமல் ஒருத்தர் ஒன்றைக் கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

சங்கரேஸ்வரி ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டை வெட்டிக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் அறிவியல் விரிவுரையாளர். விரிவுரையாளர் என்றால் நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும் அவளுக்கு வேலை போகும். ஒவ்வொரு ஆனியிலும் அதே வேலைக்கு, அதே நாற்காலிக்கு, புதிதாக விண்ணப்பம் போடுவாள். அதே முதல்வர் நேர்காணலில் எதிரே உட்கார்ந்து, "உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்பார். அவளும் சளைக்காமல் சொல்லுவாள். நேற்றுவரைக்கும் இவருக்கு ஸ்டாஃப் ரூமில் முறுக்கு கொடுத்தவள்தான், இருந்தாலும் சொல்லுவாள். கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "பெர்மனன்ட் ஆயிட்டாட்டி?" புளியங்குடியில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் செல்வக்குமார் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டான். பார்வையாலேயே கேட்பான், அது இன்னும் கொடுமை.

அவள் நடத்தும் பாடத்துக்குப் பெயர் 'நீதி: ஓர் அறிமுகம்'. ஏற்கெனவே இருந்த பாடநூல் வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. அதில் முதல் பாடத்திலேயே பிரேக் பிடிக்காத ஒரு வண்டி தண்டவாளத்தில் வருகிறது. நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பிவிட்டால் ஒருவன் சாவான், எது நீதி என்று கேள்வி. சங்கரேஸ்வரி இதை உருகி உருகி நடத்திவிட்டு வகுப்பைப் பார்த்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "அந்த அஞ்சு பேரும் தண்டவாளத்துல என்ன மேடம் செய்தானுவ?" என்றான். இன்னொருத்தன், "நம்ம ஊருக்கு ட்ரெயினே எப்பமாவதுதான் வருது" என்றான். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள், இந்த மண்ணின் எடுத்துக்காட்டுகளை வைத்துத் தானே ஒரு புத்தகம் எழுதுவது என்று.

இரண்டு வருஷம் மாவாட்டுகிற நேரத்திலும் பஸ்ஸில் நிற்கிற நேரத்திலும் யோசித்து எழுதினாள். எழுதி இணையத்தில் போட்டாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அனுமதி கேட்க வேண்டாம்.' கீழே கல்லூரியின் பெயர், அதற்கும் கீழே அவள் பெயர்.

முதல்வருக்கு அது பிடித்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பேச்சுப் பேசினார். "துறைக்கு ஒரே ஒரு பெர்மனன்ட் இடம் வருது. மாசி மாசம் செயலாளர் அண்ணாச்சி இன்ஸ்பெக்சனுக்கு வாராரு. பிள்ளைக இந்தப் புஸ்தகத்தப் படிக்கிதுன்னு அவரு கண்ணால பாத்தா, இடம் உங்களுக்கு. இல்லன்னா பாடத்தையே எடுத்துட்டு யோகா வச்சிருவோம்."

நீதிக்குப் பதில் யோகா. அன்றிலிருந்து சங்கரேஸ்வரி வகுப்புக்கு வகுப்பு, "படிச்சீங்களா மக்கா?" என்று கெஞ்சினாள். பிள்ளைகள் ஃபேனைப் பார்த்தார்கள். படிக்கவில்லை. ஒருத்தரும் படிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கின புத்தகத்தையே பரீட்சைக்கு முந்தின நாள் தூசி தட்டுகிற கூட்டம், காற்றில் வந்த புத்தகத்தையா தொடப்போகிறது.

அனு என்றொரு மாணவி இருந்தாள், குருவிகுளம் பக்கத்துக் காட்டு ஊர்க்காரி. அவளுடைய போனில் எப்போதும் இடம் இருக்காது. அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் ஊர்க் கொடைக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தன் போனிலிருந்து அழித்துவிடுவாள். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. வாட்ஸ்அப்பில் ஊரே இருக்கிற குழு அது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு யார் யார் பந்தல், யார் யார் மேளம் என்பதெல்லாம் அதில்தான் வரும். அந்த அறிவிப்புகளுக்கு நடுவே 'நீதி: ஓர் அறிமுகம்' போய் விழுந்தது. கொடைக் குழுவில் வந்தால் அது ஊர்க் கட்டளை. ஒரு வரி விடாமல் ஊரே படித்தது.

நான்காம் எடுத்துக்காட்டு இதுதான்: 'குருவிகுளம் அருகே ஓர் ஊரில் மூக்காண்டியின் ஆடு பேச்சித்தாயின் உளுந்தில் மேய்ந்தது. பேச்சித்தாய் ஆட்டைப் பிடித்துத் தன் வீட்டில் கட்டிப்போட்டாள். ஆடு அங்கேயே குட்டி போட்டது. குட்டி யாருக்குச் சொந்தம்? விவாதிக்க.'

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது முழுக்கக் கற்பனை இல்லை. ஒரு கல்யாணத்துக்காகக் குருவிகுளம் பஸ்ஸில் போனபோது சங்கரேஸ்வரிக்கு முன் சீட்டில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள். "மயினி, ஆடு நிறைசினையா இருக்கு" என்றார் அவர். "அத என் உளுந்துப் பக்கம் விட்டுராத மூக்காண்டி" என்றாள் அந்த அம்மா. இறங்கும்போது யாரோ, "ஏ பேச்சித்தாயி, பையி" என்று கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சங்கரேஸ்வரிக்கு அந்தப் பெயர்கள் பிடித்துப் போயின. அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கொரு மூக்காண்டி இருக்கிறாரே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

ஊருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ஊரில் மூக்காண்டி என்ற பெயரில் பலர் உண்டு. ஆனால் சினையாடு வைத்திருப்பவர், பக்கத்து வீட்டில் உளுந்து போட்ட பேச்சித்தாய் இருப்பவர் ஒருத்தர்தான். கொழுந்தனும் மயினியும் அதுவரை ஒரு கிண்ணத்துக் குழம்பை இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்கள். குழாயடியில் பேச்சித்தாயிடம், "உன் உளுந்துல அவன் ஆடு மேஞ்சிட்டாமே, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்றார்கள். அவள் காட்டுக்குப் போய்ப் பார்த்தாள். உளுந்து நெத்து குறைந்த மாதிரிதான் இருந்தது. தேடினால் எந்தக் காட்டில்தான் குறை தெரியாது? அந்த நேரம் பார்த்து மூக்காண்டியின் ஆடு வரப்போரம் நின்றது. பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் கட்டினாள். ஆடு என்ன செய்யும், அதற்கு நாள் வந்துவிட்டது, அங்கேயே குட்டி போட்டது.

ஊர் அரண்டுபோனது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே நடந்துவிட்டது அல்லவா.

அடுத்த நாள் மூக்காண்டி கல்லூரி வாசலில் நின்றார். சங்கரேஸ்வரி வெளியே வந்ததும் கைகூப்பினார்.

"நாந்தான் டீச்சர் மூக்காண்டி. நாலாம் எடுத்துக்காட்டு."

பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து கேட்ட அதே குரல்.

"அண்ணாச்சி, அது கற்பனை" என்றாள். பொய் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, அவளுக்கே ஆச்சரியம்.

"கற்பனைன்னா கற்பனையா இருந்துட்டுப் போட்டும். ஆடு ஈன்டுட்டு. குட்டி யாருக்குன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன், போடலியே. அத மட்டும் சொல்லிருங்க, போயிருதேன்."

"அதுக்கு விடை கிடையாது. விவாதிக்கணும்."

"ஊரே விவாதிச்சாச்சி டீச்சர். நாலு பேருக்குச் சட்டை கிழிஞ்சிட்டு."

அவர் போய் ஒரு மணி நேரத்தில் பேச்சித்தாய் வந்தாள். கையில் ஒரு கூடை, கூடைக்குள் குட்டி. "அவன் வந்தானாமே. அவனுக்கு மட்டும் விடையச் சொல்லிட்டீங்களோ?" என்றாள். சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டு நாளில் இரண்டு தரப்பும் புத்தகத்தையே அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். மூக்காண்டி கொண்டுவந்ததில் நான்காம் எடுத்துக்காட்டின் கீழே 'குட்டி மூக்காண்டிக்கே' என்று ஒரு வரி கூடியிருந்தது. பேச்சித்தாய் கொண்டுவந்ததில் 'குட்டி பேச்சித்தாய்க்கே, உளுந்துக்கும் பதில் சொல்ல வேண்டும்' என்று இருந்தது. இரண்டின் அட்டையிலும் சங்கரேஸ்வரியின் பெயர்.

"எப்படி மாத்துனீங்க?" என்றாள் அவள்.

"யாரும் மாத்தலாம், அனுமதி கேக்க வேண்டாம்னு நீங்கதான போட்டிருக்கிய" என்றார் மூக்காண்டி.

பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். டீச்சர் பாடம் நடத்துகிறார், பாடம் ஒருநாள் நாலாம் எடுத்துக்காட்டுக்கு வரும், அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லித்தானே ஆகவேண்டும். ஒருத்தர் இல்லாத நேரத்தில் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால்? ஆகவே இருவரும் வகுப்பு தவறாமல் வந்தார்கள். கடைசி பெஞ்சில் இந்த ஓரம் ஒருத்தர், அந்த ஓரம் ஒருத்தர். சண்டையில் ஆட்டை மட்டும் மூக்காண்டி அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார், குட்டி பேச்சித்தாயிடம் இருந்தது. குட்டிக்குப் பால் வேண்டுமே, அதனால் ஆடும் பஸ்ஸேறி வந்தது. கண்டக்டர் ஆட்டுக்கு லக்கேஜ் போட்டார். குட்டிக்கு டிக்கெட் யார் எடுப்பது? யாருடையது என்று முடிவாகாததால் இருவருமே எடுக்க மறுத்தார்கள். எடுத்தால் அடுத்தவன் குட்டியைப் பிடித்துவைத்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமென்று பேச்சித்தாய் எடுக்கவில்லை, எடுத்தால் அவளுக்கு உதவின மாதிரி ஆகிவிடுமென்று மூக்காண்டி எடுக்கவில்லை. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டார்.

மத்தியான இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் தாயும் சேயும் சந்திக்கும். மூக்காண்டியும் பேச்சித்தாயும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேன் அந்தப் பக்கமே வருவதில்லை, விசாரணையில் சாட்சியாக இழுத்துவிடுவார்கள் என்று பயம்.

சங்கரேஸ்வரிக்கோ நான்காம் எடுத்துக்காட்டுக்கு வரவே பயம். மூன்றாவதையே இழுத்து இழுத்து நடத்தினாள். நல்லவேளையாக ஒன்று நடந்தது என்றால், வகுப்பில் புத்தகம் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் மாணவர்கள் இல்லை, அவ்வளவுதான் குறை. மூக்காண்டி முதல் பாடத்தை ஒப்பித்தார். பேச்சித்தாய் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, இரண்டாம் பாடத்தில் 'இழப்பீடு' என்ற சொல்லைக் கண்டுபிடித்து அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

மாசி மாதம் செயலாளர் வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் பெரிய கை. முதல்வர் முந்தின நாளே கடைசி பெஞ்சுக்காரர்களிடம், "நாளைக்கு மட்டும் வராதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டிருந்தார். "நாளைக்குத்தான் பெரிய ஆளு வாராருன்னா நாளைக்குத்தான தீர்ப்பு" என்று கணக்குப் போட்டு இருவரும் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூக்காண்டி வெள்ளைச் சட்டை. பேச்சித்தாய் தலையில் பிச்சிப்பூ. கூடை மடியில்.

செயலாளர் உள்ளே வந்து, "இந்தப் புஸ்தகத்த யாரு யாரு படிச்சிருக்கிய?" என்றார்.

பிள்ளைகள் ஃபேனைப் பார்த்தார்கள். பின்னால் இரண்டு கைகள் உயர்ந்தன.

செயலாளர் கண்ணைச் சுருக்கினார். "நீங்க எந்த வருசம்?"

"போன மார்கழியில இருந்து வாரோம்" என்றார் மூக்காண்டி. எழுந்து நின்று வழக்கை ஆதியோடந்தமாகச் சொன்னார். நடுவிலேயே பேச்சித்தாய் எழுந்து, "இழப்பீடு, இழப்பீடு" என்றாள். குட்டியும் தன் பங்குக்குக் கத்தியது. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் செயலாளர் மண்டிக்காரர், வழக்கு கேட்பது அவருக்குப் பழக்கம். உட்கார்ந்துவிட்டார். "ஆடு யாருக்கோ குட்டியும் அவனுக்கு" என்றார். "தீனி போட்டது நானு" என்றாள் பேச்சித்தாய். முதல் வரிசையில் ஒரு பெண், "சம்மதமில்லாம கட்டிப்போட்டா அது எப்படி சார் தீனி போட்டதாகும்?" என்றாள். இன்னொருத்தன், "அப்பம் உளுந்துக்கு என்ன வழி?" என்றான். ஒரு வருஷமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த வகுப்பு பேச ஆரம்பித்தது. எழுந்தார்கள், மறித்தார்கள், பெஞ்சைத் தட்டினார்கள். சங்கரேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செயலாளர் முதல்வர் பக்கம் திரும்பி, "நல்லா நடத்துதாங்களே" என்றார். இடம் கைக்கு வந்துவிட்டது, இனி கையை மூட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது அனு எழுந்தாள்.

"சார், இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வழக்கே இல்ல. புஸ்தகம் வரதுக்கு முன்ன இவங்க ஒத்துமையாத்தான் இருந்தாங்க. அதப் படிச்ச பொறவுதான் அவங்க உளுந்தப் போயிப் பாத்தாங்க, ஆட்டக் கட்டுனாங்க. தீங்கு எங்க ஆரம்பிச்சிதோ அங்கதான் பதில் கேக்கணும்னு ரெண்டாம் பாடத்துல இருக்கு. ஊருக்கு அனுப்புனது நான். எழுதுனது மேடம். நாங்க ரெண்டு பேருந்தான் பதில் சொல்லணும்."

பாவி மகள், எப்போது படித்தாளோ. அவள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று சங்கரேஸ்வரி தேடினாள். ஓட்டை இல்லை. பல வருஷமாக ஒரு பிள்ளையாவது இப்படி எழுந்து நிற்காதா என்று ஏங்கினவள் அவள். எழுந்து நின்றது, அவளுக்கு எதிராக.

முதல்வர் அவசரமாக, "பேரெல்லாம் கற்பனைதானே மேடம்? கற்பனைன்னு சொல்லுங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, காதோடு, "ஆர்டர் டைப் ஆயிட்டு இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

செயலாளரும் அவளைப் பார்த்தார். "கற்பனைதான?"

ஒரு சொல். ஆமாம் என்றால் போதும். யாருக்கும் தெரியாது, பஸ்ஸில் பின் சீட்டில் யார் இருந்தார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செல்வக்குமாரின் அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. இனி ஒரு ஆனியிலும் 'உங்களைப் பற்றி' சொல்ல வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். எதிரே அனு நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை.

"இல்ல சார்" என்றாள் சங்கரேஸ்வரி. "கற்பனை இல்ல. இவங்க ரெண்டு பேரும் பஸ்ல பேசிட்டு வந்ததக் கேட்டேன். பேரையும் ஆட்டையும் உளுந்தையும் கேக்காம எடுத்துக்கிட்டேன். ஆடு உளுந்துல மேஞ்சதா நான்தான் சேத்தேன். அன்னைக்கு அண்ணாச்சி வந்து கேட்டப்பம் பொய்யும் சொன்னேன். அனு சொல்லுதது சரி."

மூக்காண்டி மயினியைப் பார்த்தார். மயினி கொழுந்தனைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தோடு முகம் பார்த்தார்கள்.

"அப்பம் ஆடு மேயவே இல்லியா?" என்றாள் பேச்சித்தாய்.

"அத நான் முதல் நாள்லேருந்து சொல்லுதேன் மயினி."

"பஸ்ல வாய மூடிட்டு வான்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் உன்ட்ட. இந்தா பிடி." கூடையோடு குட்டியை அவர் கையில் கொடுத்தாள். பிறகு சங்கரேஸ்வரியை ஏற இறங்கப் பார்த்து, "படிச்சவங்க செய்யுத காரியமா டீச்சர் இது?" என்றாள். இருவரும் வெளியே போனார்கள். வாசலைத் தாண்டும்போதே இரண்டு பேரும் ஒரே குரலில் அவளைத் திட்டிக்கொண்டு போனது கேட்டது. அவ்வளவு ஒற்றுமை.

செயலாளர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "பஸ்ல பேசுனத எழுதுதவங்க நாளைக்கு மண்டியில பேசுனதையும் எழுதுவாங்க. அட்டையில நம்ம பேருல்லா இருக்கு" என்று முதல்வரிடம் சொன்னார். கார் கிளம்பின சத்தம் கேட்டது. முதல்வர் திரும்பி வந்து, அண்ணாச்சி யோகாவுக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் கலைந்தார்கள். சங்கரேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் கண்ணீர் கேட்கவில்லை. வலித்தது. நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை, வேலை போயிற்றே என்றுதான் வலித்தது. அனு மட்டும் போகாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுதிருந்தாள்.

"மேடம், உண்மையச் சொன்னதுக்கு உங்க வேல போச்சி. இது நியாயமா?"

வீட்டில் தோசையா இட்லியா என்று கேட்டால்கூட இரண்டு பக்கத்துக் காரணத்தையும் எடுத்து வைக்கிறவள் சங்கரேஸ்வரி. அனுவும் அதற்காகக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது, கையில் பேனா இருந்தது.

"இல்ல மக்கா" என்றாள். "நியாயமில்ல."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரும்பலகையை அழித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்றாள்.